பலகைச் சுவரில் பாதிப் பேச்சு

மலர்க்கொடியின் வேலை போக ஒரு மத்தியானம்தான் மிச்சமிருந்தது.

அதைச் சொன்னவர் வழக்கறிஞர் தங்கையா. அவள் வேலை பார்ப்பது அவரிடம்தான். அவர் சொன்னபோது அந்த அறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. துப்பறிய வந்த ராகினி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவளுடைய உதவியாளன் ஹரிதாஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்தான்.

"ரேடியோவ கொஞ்சம் அடைக்கலாமா சார்?"

"கூடாது," என்றார் தங்கையா, மேசை விளக்கிடம் சொல்வதுபோல. "ரகசியத்துக்காகத்தான் வெச்சிருக்கேன்."

"அப்ப சரி. எனக்கே கேக்கல. பத்திரமாத்தான் இருக்கு," என்றான் ஹரிதாஸ்.

தங்கையாவின் குரல் எப்போதும் அப்படித்தான். அவர் வாதாடும்போது நீதிபதிகள் முன்னால் சாய்ந்து கேட்பார்கள் என்று பண்டார் மலாக்காவில் பேச்சு. உரக்கப் பேசாமலே காரியம் முடிந்துவிடுகிற மனிதர்கள் சிலர் உண்டு. மற்றவர்கள் அவர்களுக்காகச் சாய்ந்து சாய்ந்து கூன் விழுந்தவர்கள்.

ராகினி சாயவில்லை. அவள் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்தவள். அவள் பிறந்த தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்தில், பட்டம் வாங்கிய முதல் ஆள். அந்தப் பட்டத்தோடு மனுப் போட்ட இடமெல்லாம் மரியாதையாக மறுத்த பிறகு, ஒரு முடிதிருத்தும் கடையின் மாடியில் விசாரணை நிலையம் திறந்தாள். ஹரிதாஸ் தம்பின் ஊருக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். டிக்கெட்டைவிட அதிகமாகப் பேச்சுக் கொடுத்தான் என்று அவனை நிறுத்திவிட்டார்கள்.

விஷயம் இதுதான். புலாவ் செபாங் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் விலை போகிறது. மரத்தை வெட்டி மாடி வீடு கட்டப்போகிறார்கள். லயத்தில் இருக்கிற குடும்பங்கள் தங்களுக்கும் வீடு வேண்டும் என்று தங்கையாவிடம் வந்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு இந்த அறையில் பேசியதெல்லாம் தோட்டத்து மானேஜரின் காதுக்குப் போய்விடுகிறது.

தங்கையா விரல் விட்டு எண்ணினார். கோயில் நிலத்தைக் காட்டி வழக்குக்குப் பலம் சேர்க்கலாம் என்று பேசினார்கள். உடனே மானேஜர் கோயிலைச் சுற்றி முள்கம்பி இழுத்துவிட்டார். முன்பு தோட்டத்தை நடத்திய துரை, ஆட்களுக்கு வீடு தருவதாகச் சொன்னதைத் தன் காதால் கேட்ட மீனம்மா சாட்சி சொல்வாள் என்று பேசினார்கள். மீனம்மாவின் மகனுக்கு ஜொகூரில் திடீரென்று நல்ல வேலை கிடைத்து, குடும்பமே லாரி ஏறியது. சட்டமன்ற உறுப்பினரை ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று பேசினார்கள். மானேஜர் சனிக்கிழமையே பழக்கூடையோடு போய்ப் பார்த்துவிட்டார்.

"ரேடியோ எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள் ராகினி.

"மீனம்மா விஷயத்துக்கு அப்புறம்."

"அதுக்கப்புறமும் ரகசியம் போச்சு."

"அதுலதான் உறுதியாச்சு. கதவுக்கு வெளிய உக்காந்திருக்கறது அந்தப் பொண்ணு ஒருத்திதான். அவ அப்பா அப்புசாமி அதே தோட்டத்துல மண்டோர், ஆளுங்கள வேல வாங்கறவர். மானேஜர் இருமினா இவர் தொண்டையத் தடவிக்குவார்." தங்கையா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "சாயங்காலத்துக்குள்ள ஒரு ஆதாரம் குடுங்க. தோட்டத்து ஆளுங்க முன்னாடி சொல்லி அனுப்பிடறேன். ஆதாரம் கெடைக்காட்டியும் அனுப்பத்தான் போறேன். இருந்தா மரியாதையா இருக்கும்."

"யாருக்கு மரியாதை?" என்றாள் ராகினி.

அவர் பதில் சொன்னாரா என்று தெரியவில்லை. ரேடியோவில் நேயர் விருப்பம் ஆரம்பித்துவிட்டது.

ராகினி கேள்வியை வேறு பக்கமாகக் கொண்டுவந்தாள். அந்த மூன்று தடவையும் ஆட்கள் சொன்னதைச் சொன்னீர்கள், நீங்கள் பதிலுக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். தங்கையா கொஞ்சம் யோசித்தார். மீனம்மாவின் வாக்குமூலத்தை ஏற்கெனவே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டதாக அன்றைக்கே சொல்லியிருந்தார். தொழிலாளர் இலாகா அதிகாரி லயத்தைப் பார்க்க வருவார் என்று அடுத்த தடவை சொல்லியிருந்தார்.

"அதிகாரி வந்தாரா?"

"வந்தார். மானேஜர் கைலியோட வராந்தாவுல நின்னு ரொட்டி தின்னுக்கிட்டிருந்தாராம்."

"அந்த வாக்குமூலத்தயும், இலாகாவுக்குப் போன கடிதத்தயும் டைப் பண்ணது யாரு?"

"மலர்தான். வேற யாரு?"

ராகினி எழுந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்ததும் ஹரிதாஸிடம் சொன்னாள்:

"வாக்குமூலம் வாங்கியாச்சுன்னு தெரிஞ்சிருந்தா மானேஜர் எதுக்கு மீனம்மாவ ஜொகூருக்கு அனுப்பறாரு? அதிகாரி வர்றது தெரிஞ்சிருந்தா கைலியோட நிப்பாரா? அவருக்குப் போனது தோட்டத்து ஆளுங்க பேசினது மட்டும்தான். லாயர் பேசினது ஒரு சொல்லுகூடப் போகல."

"பாதிய மட்டும் காட்டிக் குடுக்கற ஆளா? பாதி நாள் லீவு போட்டிருக்கும்."

"மலரா இருந்தா ரெண்டு பாதியும் போயிருக்கும். லாயரோட பாதி அவ கைவிரல் வழியாத்தான் வெளிய வருது. இது யாரோ பாதிதான் காதுல வாங்கின ஆள்."

"இத அவருகிட்டயே சொல்லியிருக்கலாமே பாஸ்?"

"சொன்னா, பொண்ணு கெட்டிக்காரி, பாதிய மறைச்சிட்டாம்பார். அவரு மனசுல தீர்ப்பு எழுதிட்டார். யாருன்னு புடிச்சிக் காட்டினாதான் அழிப்பார்."

*

மலர்க்கொடியைக் கீழே ஒட்டுக்கடைக்குக் கோப்பி குடிக்கக் கூட்டிவந்தார்கள். இருபத்திரண்டு வயது இருக்கும். கோப்பியைத் தொடவே இல்லை. கண்ணும் கலங்கவில்லை. அழுதால் தப்புச் செய்தவள் மாதிரி இருக்கும் என்று தானாகவே விளக்கம் சொன்னாள்.

லயத்தில் அவள் அம்மா குழாயடிக்குப் போனால் பெண்கள் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்களாம். மலர் சமைத்த சாப்பாட்டை அப்பா தொடுவதில்லையாம். மானேஜர் சொன்னதை அவர் இவளுக்குச் சொல்வதில்லை, இவள் ஆபீஸில் கேட்டதை அவருக்குச் சொல்வதில்லை. வீட்டில் பேச்சு நின்று வெகுநாளாகிறது. இந்த வேலை போனால் திரும்ப ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகலாம் என்றால் மரமும் இருக்கப்போவதில்லை.

"வேற ஆபீஸ் கெடைக்காதா?" என்றான் ஹரிதாஸ், ஆறுதலாக.

"லாயர் ஆபீஸ்ல இருந்து நாக்கு நீளம்னு அனுப்பினவள யாருண்ணே எடுப்பா?"

அவள் தொடாத கோப்பியை ஹரிதாஸே குடித்தான்.

பேசியது எல்லாமே வெளியே போனதா, எதுவாவது தங்கியதா என்று ராகினி கேட்டாள். ஒன்று தங்கியது என்றாள் மலர்க்கொடி. தீமிதித் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கலாம் என்று ஒரு நாள் பேசினார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வாங்கியும் முடித்தார்கள். மானேஜர் மாலை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"அது பேசின அன்னிக்கு ஆபீஸ்ல என்னா வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்லக்கா. அன்னிக்கு கரண்ட் இல்ல. ஃபேன் இல்ல, ரேடியோ இல்ல. பக்கத்து ஜானகி டீச்சர் கிளாஸ்ல பழைய டைப்ரைட்டர எடுத்து வெச்சித் தட்டிக்கிட்டே இருந்தாங்க. தலவலிதான் மிச்சம்."

"பழைய டைப்ரைட்டரா? அப்ப இப்ப எதுல தட்டறாங்க?"

"தீபாவளி கழிஞ்சதுலேருந்து கம்ப்யூட்டர்க்கா. முன்னாடியெல்லாம் ஒரே டக்கு டக்கு டக்குதான். இப்ப பல்லி கத்துனாகூட கேக்குது. நல்லா அமைதியா இருக்கு."

"ரகசியம் வெளிய போக ஆரம்பிச்சது?"

மலர்க்கொடி வாயைத் திறந்து, மூடினாள். அவள் கெட்டிக்காரப் பெண். யாரும் அவளிடம் கேள்வி கேட்டதில்லை, பதிலை மட்டும் எழுதிவைத்திருந்தார்கள்.

"தீபாவளி கழிஞ்சி," என்றாள்.

அந்த நேரத்தில் ஒரு நீல வேன் வந்து நின்றது. பின்கதவு திறந்து பெண்களும் ஆண்களுமாக இறங்கினார்கள். முன் சீட்டிலிருந்து டை கட்டிய இளைஞன் ஒருவன் இறங்கி, தலைமுடியைக் கண்ணாடியில் சரிசெய்துகொண்டு, வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போகிற அதே மாடிப்படியில் ஏறினான்.

"அது யாரு டை?" என்றான் ஹரிதாஸ்.

"தர்ஷன். தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதற புது கிராணி. கம்ப்யூட்டர் கத்துக்க மானேஜர் இங்க அனுப்பறாரு. வேன் அவருக்காகத்தான் வருது. சும்மாதானே வருதுன்னு நம்ம ஆளுங்களும் ஆஸ்பத்திரி, பாசார்ல காய்கறி வாங்கன்னு சொல்லி ஏறிக்குவாங்க. ஏறி லாயர பாத்துட்டு, கிளாஸ் முடிஞ்சதும் திரும்பிடுவாங்க."

ஹரிதாஸ் கோப்பி கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தான்.

"மானேஜர் மேல கேஸ் போட மானேஜர் வேன்லயே வர்றீங்க."

"பஸ்ஸுக்கு எதுக்கு வீண் செலவுன்னு காளியம்மா அத்தே சொல்லும்."

"கண்டக்டரா இருந்தவன்கிட்ட இதச் சொல்லாதம்மா. மனசு வலிக்குது."

*

மாடியில் மொத்தம் இரண்டே இடம். இடதுபக்கம் தங்கையா, வலதுபக்கம் ஜானகி டீச்சர். நடுவில் இருப்பது சுவர் இல்லை. சுவர் மாதிரி பெயின்ட் அடித்த பலகை. மேலே கூரையட்டைக்கும் பலகைக்கும் இடையில் ஒரு கை நுழைகிற சந்து. இத்தனை வருடமாக அதை யாரும் பார்க்காததற்குக் காரணம், அண்ணாந்து பார்க்க அவசியம் வரவில்லை என்பதுதான்.

காளியம்மாவை ராகினி படியிலேயே மடக்கினாள். லயத்து ஆட்களுக்குத் தலைவி அவள்தான். ஐம்பது வயது. ஆலையில் ரப்பர் ஷீட் உருட்டும் மெஷின் பக்கத்திலேயே வாழ்க்கையைக் கழித்தவள். அந்த மெஷினை ஜெயித்த குரல் அவளுடையது. மெஷின் நின்ற பிறகும் குரல் இறங்கவில்லை.

ஒரு பொய் சொல்ல வேண்டும் என்றாள் ராகினி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரப்பர் லாரி எதுவும் வெளியே போகாதபடி எல்லாரும் தோட்டத்து கேட்டில் உட்காரப் போவதாக உள்ளே சொல்ல வேண்டும்.

"எதுக்கு?" என்று காளியம்மா முறைத்தாள். "அந்த மண்டோர் மவளக் காப்பாத்தவா?"

"அவளா இருந்தா மாட்டட்டும். இல்லன்னா உங்களுக்கு உண்மையான ஆள் வேணாமா அக்கா?"

காளியம்மா அதை ஒரு நிமிடம் மென்று பார்த்தாள். "சரி. நல்லா சத்தமா சொல்லணுமா?"

"வழக்கம்போல போதும்."

ஹரிதாஸைத் தெருவில் நிறுத்தினாள். வகுப்பிலிருந்து யார் இறங்கினாலும் நிழல் மாதிரி பின்னால் போக வேண்டும்.

"எவ்வளவு நேரம் பாஸ்?"

"ஒரு கிளாஸ் ஐஸ் செண்டோல் குடிக்கற நேரம்."

"இதுக்குத்தான் நான் படிச்சேன்," என்று போனான்.

ராகினி புது மாணவியாக ஜானகி டீச்சர் வகுப்புக்குள் நுழைந்தாள். டீச்சர் உயரமானவள், உதட்டில் எப்போதும் ஒரு விரல். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஏர்கோன் போட்டிருந்ததால் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தெருச் சத்தம்கூட இல்லை. கீபோர்டு சாவிகள் அரிசியில் விரல் விட்டு அளைவதுபோல மெல்லச் சலசலத்தன. பலகை ஓரமாகத் தர்ஷன். அவனுக்கு அடுத்த நாற்காலி ராகினிக்குக் கிடைத்தது.

முதலில் பலகைக்கு அந்தப் பக்கமிருந்து ரேடியோ கசிந்தது. பாட்டு. பிறகு பாட்டை உழுதுகொண்டு ஒரு குரல்.

"ஐயா, கேக்குதா? பாட்டு போடுறீங்க, நான் பேசறது கேக்குதான்னு கேட்டேன்!"

வகுப்பில் யாரும் திரும்பவில்லை. பழகிப்போன சத்தம் போலிருந்தது. தர்ஷனின் விரல்கள் மட்டும் நின்றன.

"நாய்த்துக்கெழம காலையில கேட்ல உக்காரப் போறோம். லயத்துல ஒரு ஆளு பாக்கி இல்லாம. ரப்பர் லாரி ஒண்ணு வெளிய போவாது."

பதிலுக்குத் தங்கையா ஏதோ சொன்னார். இந்தப் பக்கம் அது தண்ணீர்க் குழாயில் காற்று வருவதுபோலக் கேட்டது, அவ்வளவுதான். தர்ஷன் மறுபடி டைப் செய்ய ஆரம்பித்தான். காளியம்மா பேசினாள், விரல் நின்றது. தங்கையா பேசினார், விரல் ஓடியது. காளியம்மா, நின்றது.

ராகினி தன் திரையில் ஒரே எழுத்தைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து பார்த்து, முதல் நாளுக்குப் பரவாயில்லை என்று கிசுகிசுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் தர்ஷன் கையை உயர்த்தி, கழிவறைக்கு அனுமதி கேட்டு, கழிவறையைத் தாண்டி, படியிறங்கிப் போனான்.

*

"கார்டு போட்டுப் பேசற பொதுப் போனுக்குப் போனான்," என்றான் ஹரிதாஸ். வகுப்பு வாசலில், தர்ஷன் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்த பிறகு. "பஸ் ஸ்டாப் பக்கத்துல இருக்கே, அது. நான் பின்னாடி வரிசையில நின்னேன், கையில செண்டோலோட."

"கிட்டப் போனியா? உன்னப் பாத்துட்டா?"

"எதுக்குப் போறேன்? அவன் ஊருக்கே கத்தறான். ஒரு பக்கம் தம்பின் பஸ்ஸு, ஒரு பக்கம் ஐஸ் அரைக்கற மெஷினு. 'ஹலோ, சார், ஹலோ'ன்னு ஆரம்பிச்சி, ஞாயித்துக்கிழம, கேட்டு, லாரி, எல்லாம் சொல்லிட்டான். செண்டோல்காரரே என்கிட்ட, எந்தத் தோட்டம்லா அதுன்னு கேட்டாரு."

"மானேஜர்கிட்டதானே?"

"வேற யார அவன் மூச்சுக்கு மூச்சு சார் போடுவான்? கடைசியா ஒண்ணு சொன்னான் பாஸ்." ஹரிதாஸின் முகம் முதல்முறையாக நேராக இருந்தது. "'என் மேல யாருக்கும் சந்தேகம் வராது சார். மண்டோர் மவ மேலதான் எல்லாரும் கோவமா இருக்காங்க. வேன்லயே அதத்தான் பேசிக்கிட்டு வர்றாங்க.' இப்படிச் சொன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான்."

"அவனத் தொடாதே. ஒண்ணும் தெரியாத மாதிரி இரு," என்றாள் ராகினி.

"தொடவே வேணாமா?"

"வேணாம்."

"டை ரொம்ப நீளமா இருக்கு பாஸ். லேசா இழுத்தாப் போதும்."

"வேணாம்னேன்."

*

தங்கையாவின் அறையில் காளியம்மா இருந்தாள். மலர்க்கொடி தேநீர்க் கோப்பைகளோடு உள்ளே வந்தபோது ராகினி அவளை வெளியே போகவிடவில்லை. முதலில் ரேடியோவை அணைத்தாள். பிறகு எல்லாரையும் மெதுவாகப் பேசச் சொன்னாள். தர்ஷன் எங்கே உட்கார்ந்திருக்கிறான், எந்தக் குரலுக்கு விரல் நின்றது, எங்கே போய் போன் செய்தான், மலர்க்கொடியைப் பற்றி என்ன சொன்னான், எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் விடவில்லை. சிரித்ததையும்.

காளியம்மா பலகையைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரலை இறக்கி, "அந்தப் பையனுக்கு நான் வேன்ல முறுக்கு குடுத்தேன்," என்றாள்.

தங்கையாவுக்கு ஒரு சந்தேகம். ரேடியோ வைத்திருந்தாரே?

"அதான் சார் வினை. ரேடியோவ பேசறவங்க பக்கத்துல வெச்சீங்க. ரேடியோவுக்கு மேல கேக்கணும்னு அக்கா இன்னும் கொஞ்சம் கத்துனாங்க. சத்தம் பேசறவன் பக்கம் இருந்தா பேசறவன் கத்துவான். கேக்கறவன் பக்கம் இருந்தாத்தான் கேக்கறவனுக்குக் கேக்காது. முன்னாடி இருபது டைப்ரைட்டர் அந்தப் பக்கம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. நிக்காத சத்தம், அர்த்தமில்லாத சத்தம். பாட்டுன்னா நடுவுல நிக்கும், அறிவிப்பாளர் மூச்சு வாங்குவாரு. டைப்ரைட்டர் மூச்சு வாங்காது. உங்க ரகசியத்துக்கு அதுதான் பூட்டா இருந்துச்சு."

"அந்தம்மா கம்ப்யூட்டருக்கு மாறினா நான் என்ன செய்ய முடியும்?"

"அவங்க ஏன் மாறினாங்கன்னு இப்பத்தான் டீச்சர்கிட்ட கேட்டுட்டு வர்றேன்," என்றாள் ராகினி.

தங்கையா கோப்பையை எடுத்தார். அதில் தேநீர் ஊற்றியிருக்கவில்லை. இருந்தாலும் குடித்தார்.

"ரெண்டு வருஷமா நீங்கதான் போய் நின்னிருக்கீங்க. தட்டச்சுச் சத்தம் தாங்கல, கட்டட முதலாளிகிட்ட சொல்லிக் காலி பண்ண வெச்சிருவேன்னு. அவங்க பயந்து போயி மெஷினையெல்லாம் மூலையில கட்டி வெச்சிட்டு கம்ப்யூட்டர் வாங்கினாங்க. பூட்ட ஒடைச்சது நீங்க சார். திருடின பழி இந்தப் பொண்ணு மேல."

அறையில் அமைதி. நல்ல அமைதி. அவர் கேட்டு வாங்கிய அமைதி.

தங்கையா மலர்க்கொடியின் பக்கம் திரும்பாமல் ஏதோ சொன்னார்.

"என்னா சார்?" என்றான் ஹரிதாஸ்.

மறுபடி சொன்னார். நாளைக்கு வழக்கம்போல வரலாம் என்பதுபோல இருந்தது.

காளியம்மா எழுந்து வந்து, மலர்க்கொடியின் கையிலிருந்த தட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். "ஒங்க அம்மாகிட்ட நாளைக்குக் காலையில குழாயடிக்கு வரச் சொல்லு. நான் வாளி புடிச்சிக் குடுக்கறேன்," என்று சொல்லிவிட்டு வேனுக்கு இறங்கிப் போனாள்.

*

பூட்டைத் திரும்பப் போடுவது சுலபமாக இருந்தது. ஜானகி டீச்சர் காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி சம்மதித்தாள். கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து பிள்ளைகளுக்கு விரல் சோம்பேறியாகிவிட்டது என்பது அவள் கட்சி. மூலையில் இருந்த டைப்ரைட்டர்களை நாலு மாணவர்களும் ஹரிதாஸும் பலகை ஓரமாக வரிசையாக வைத்தார்கள். தர்ஷனும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு கை கொடுத்தான். நல்ல பிள்ளை. ஹரிதாஸ் அவன் டையைப் பார்த்தபடியே தூக்கினான்.

தட்டச்சு ஆரம்பித்தது. டக்கு டக்கு டக்கு. ஹரிதாஸ் வகுப்புப் பக்கம் பலகையில் காதை ஒட்டி நின்றான். தங்கையாவின் அறையிலிருந்து ராகினி அவனுடைய வேலைத் திறமையைப் பற்றித் தன் உண்மையான கருத்தை உரக்கச் சொன்னாள். அவன் திரும்பிவந்து, ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் ராகினியின் முகத்தைப் பார்த்தால் சம்பள உயர்வு சொன்ன மாதிரி இருக்கிறது என்றான்.

தங்கையா ஏதோ கேட்க வாயெடுத்தார். அப்போதுதான் அது நடந்தது.

பலகைக்கு அந்தப் பக்கம், வகுப்பில், இப்போது யார் பேசினாலும் டைப்ரைட்டருக்கு மேல் பேச வேண்டும். தர்ஷன் தோட்டத்து வேலையாக டைப் செய்துகொண்டிருந்த ஒரு கடிதத்தைப் பற்றித் தூரத்தில் இருந்த டீச்சரிடம் சந்தேகம் கேட்டான். கத்திக் கேட்டான். இந்தப் பக்கம் ரேடியோ இல்லை, பேச்சும் இல்லை.

"டீச்சர்! லயத்து வீட்டக் காலி பண்ற நோட்டீஸு! எல்லாத்துக்கும் ஒரே தேதிதான்!"

அதற்கப்புறம் அவன் சொன்ன தேதி தங்கையாவுக்குப் பிடிபடவில்லை. பலகை ஓரம் நின்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த மலர்க்கொடியின் கை நின்றது. ராகினி அதைப் பார்த்தாள். விரல் நிற்கிற விதம் அவளுக்கு இன்றைக்குப் பாடமாகியிருந்தது.

தங்கையா பாதி எழுந்துவிட்டார். நோட்டீஸ் தேதி முன்கூட்டியே தெரிந்தால் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கிவிடலாம். குடும்பங்கள் வெளியே போக வேண்டியதில்லை. "என்ன தேதி சொன்னான்? மலர், என்ன தேதி?"

மலர்க்கொடி கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து முடித்தாள்.

"பக்கத்து ரூம்ல பேசறத ஒட்டுக் கேக்கற பழக்கம் எனக்கில்ல சார். இருக்குதுன்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

"அது... தப்புதான்."

"கேக்கல சார்."

"தப்புதான்னு சொன்னேன்."

"எனக்குக் கேட்டுச்சு. கீழ வேன்ல இருக்கறவங்களுக்குக் கேக்கல. என் மேல சொன்னது அவங்க எல்லாருக்கும் கேட்டுச்சு."

தங்கையா ராகினியைப் பார்த்தார். ராகினிக்கும் தேதி கேட்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சுவாரசியமான எதுவும் இல்லை.

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

வேனில் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். தங்கையா கதவருகே நின்று தன் வழக்கமான குரலில் சொன்னார். ஒரு தம்பின் பஸ் உறுமிக்கொண்டு போனது. "என்னாங்கய்யா?" என்றார்கள். இன்னொரு தடவை சொன்னார். செண்டோல்காரர் ஐஸ் மெஷினைச் சுற்றினார். "கேக்கலங்கய்யா," என்றாள் காளியம்மா, முன் சீட்டிலிருந்து, அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றி. மலர்க்கொடி படிவாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தங்கையா மூச்சை இழுத்தார். நீதிபதிகள் யாரும் கேட்டிராத ஒரு குரல் வந்தது.

"மலர்க்கொடி மேல தப்பில்ல! பேச்சு வெளிய போனதுக்கு என் ஆபீஸ் பலகதான் காரணம்! நான் அவ மேல பழி போட்டது தப்பு!"

எதிர்ப்பக்கம் துணிக்கடையிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். வேனுக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பின்வரிசையில் ஒரு பெண் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.

மலர்க்கொடி தங்கையாவின் அருகே வந்து நின்று, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "அடுத்த மாசம் பதினஞ்சு சார்," என்றாள். அவர் கேட்பதற்காகச் சாய்ந்தார். "நாளைக்குக் காலையில மனு டைப் பண்ணிடறேன்." சொல்லிவிட்டு வேனில் ஏறினாள்.

கடைசியாகத் தர்ஷன் இறங்கிவந்தான். அவனுடைய முன் சீட்டில் காளியம்மா நிரம்பி உட்கார்ந்திருந்தாள். நகர்கிற உத்தேசம் தெரியவில்லை. கடைத்தெருவே நின்று வேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தூணில் சாய்ந்திருந்த ஹரிதாஸிடம் வந்தான்.

"என்னாண்ணே, கூட்டமா நிக்கறாங்க? கீழ ஏதும் சண்டையா?"

"ஒனக்கு ஏதும் கேட்டுச்சா தம்பி?"

"இல்லண்ணே. அந்த டைப்ரைட்டர் சத்தத்துல எங்க கேக்குது?"

"அப்ப ஒண்ணும் இல்லலா," என்றான் ஹரிதாஸ். "பின்னாடி ஏறு. எடம் இருக்கான்னு பாரு."